கணக்கில் வராத சேர்மானம்

ஈப்போவிலிருந்து லூமுட் ஒன்றும் சீமையில் இல்லை. காலையில் பசியாறிவிட்டுக் காரை எடுத்தால் வெயில் ஏறுவதற்குள் படகுத்துறைக்குப் போய்விடலாம். ஆனால் அங்கே போய், ஷாஹித்தின் முகத்தைப் பார்த்து, "தம்பி, திரும்ப வேலைக்கு வா" என்று கேட்பதற்கு வேண்டிய தைரியத்தைத் திரட்ட தினேஸ்வரிக்குப் பல நாள் பிடித்தது. குற்றம் அவள் மேல். அந்த நினைப்பு வந்தாலே அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். லகாட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது. முன்பு அது ரப்பர் தோட்டம். அவளுடைய பெற்றோர் பால் வெட்டிய இடமும் அந்தப் பக்கம்தான். அதற்காகப் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை அவள். அட்டைக்கடி தெரிந்தவர்கள் தோட்டத்துக்காக அழ மாட்டார்கள். தவிர, செம்பனை வந்ததால்தான் அவளுக்குப் பிழைப்பு.

பிழைப்பு என்றால் எண்ணெய் இல்லை, எண்ணெய் போனபின் மிஞ்சுகிற கழிவு. செம்பனைக் குலையிலிருந்து பழத்தை உதிர்த்துவிட்டால் வெறுங்குலை மிஞ்சும். ஆலைக்காரர்களுக்கு அது தீராத தொல்லை. குன்றாகக் குவிந்து, மழையில் ஊறி, ஊரே நாறும். அதைக் காரத்தில் வேகவைத்தால் நார் ஒரு பக்கம் வரும். கூடவே தார் நிறத்தில் ஒரு தண்ணீரும் இறங்கும். நாரை வாங்க ஆள் உண்டு. கறுப்புத் தண்ணீரை வாங்க நாதி கிடையாது. ஆனால் அதில்தான் லிக்னின் இருக்கிறது. மரத்தை மரமாக நிமிர்த்தி நிறுத்துகிற பசை அது. உலகம் முழுக்க அதைப் பெரும்பாலும் எரித்துத்தான் தீர்க்கிறார்கள்.

உரக் கம்பெனி ஒன்றில் வேதியியல் வேலை என்ற பேரில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு, தினேஸ்வரி அந்தக் கறுப்புத் தண்ணீரை நம்பி வேலையை விட்டாள். ஜெலாப்பாங்கில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். கணவன் யுகேந்திரன், "போயும் போயும் கழிவுத் தண்ணிக்கா வேலைய விட்ட?" என்று கேட்டான். கேட்டானே தவிர, கொட்டகைக்கு விளக்கு மாட்டியதும் அவன்தான்.

அவள் செய்ய நினைத்தது இதுதான். கறுப்புத் தண்ணீரில் அமிலம் விட்டால் லிக்னின் பழுப்புச் சேறாக இறங்கும். அதைக் கழுவி, எத்தனாலில் கரைத்து, வேகமாகச் சுழலும் தண்ணீரில் ஊற்ற வேண்டும். ஊற்றிய மாத்திரத்தில் அது உருண்டை உருண்டையாகிவிடும். கண்ணுக்குத் தெரிகிற உருண்டை இல்லை. ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறக்குறைய ஆயிரத்தை வரிசையாக அடுக்கலாம். நானோ துகள் என்பது அதுதான். தொட்டித் தண்ணீர் பால் விட்ட கோப்பி நிறத்துக்கு வந்து, நாட்கணக்கில் அப்படியே நிற்கும். அடியில் எதுவும் தங்காது. அதை வார்னிஷில் கலந்து பூசினால் வெயிலில் கிடக்கிற மரம் சீக்கிரம் வெளுக்காது. குப்பையாகப் போக வேண்டியது குடை பிடிக்கும்.

ஊற்றுவதில்தான் சூட்சுமமே. எந்த வேகத்தில், எந்த இடத்தில், எப்போது நிறுத்துவது என்பதில் கொஞ்சம் பிசகினாலும் உருண்டை பெருத்துவிடும். அதற்கென்று அவள் வேலைக்கு வைத்த ஆள்தான் ஷாஹித். லூமுட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜைனுலாப்தீன் பாயின் மகன், பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தவன். பேச்சு குறைவு. ஊற்றுகிற குழாயை அவனே வளைத்து, அவனே பொருத்தினான். அவள் கணக்குப் போடுவாள், அவன் ஊற்றுவான். "நிறுத்துங்கக்கா" என்பான், அவள் விசையை அணைப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் வேறு பேச்சே தேவைப்படாத நாட்கள் இருந்தன. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக வேலை பார்த்தது அந்த நாட்களில்தான்.

இந்த உருண்டைகளுக்கு ஒரே ஒரு எதிரி, சுண்ணாம்பு. ஒவ்வொரு உருண்டையும் பக்கத்தில் வருவதைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பதால்தான் அவை தனித்தனியாக மிதக்கின்றன. தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் அந்தத் தள்ளல் போய்விடும். ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு சேறாக அடியில் உட்கார்ந்துவிடும். ஈப்போவோ சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர். குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது என்று டிரம் டிரம்மாகச் சுத்திகரித்த தண்ணீரை வாங்கி வைத்திருந்தாள். குழாயைத் தொடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். "சுண்ணாம்புன்னு சொன்ன வாயைக்கூடக் கழுவிட்டு உள்ள வா" என்று அவனைக் கேலி செய்வாள். அவன் சிரித்துக்கொண்டே நிஜமாகவே வாயைக் கழுவிவிட்டு வருவான்.

பினாங்கிலிருந்து ஒரு வார்னிஷ் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் கண்ணெதிரே ஒரு தொட்டி செய்து காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வருடம் முழுக்க வாங்குவார்கள், கொட்டகை பிழைத்துவிடும். அதற்கென்று புதிதாக ஓர் எவர்சில்வர் தொட்டி வாங்கினாள். பெரிதல்ல, வீட்டுச் சோற்றுப் பானை அளவுதான்.

அங்கேதான் வினை வந்தது. புதுப் பானையில் உலை வைத்தால் தண்ணீரில் திருநீறு போடாமல் அடுப்பு மூட்டுகிற பழக்கம் தினேஸ்வரியின் வீட்டில் கிடையாது. அம்மா செய்தாள், இவளும் செய்கிறாள். ஏன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. வருகிறவர்கள் வருமுன் ஷாஹித்தை விட்டுப் புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொல்லி, வாசலில் சூடம் காட்டி, பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலில் வாங்கிய திருநீற்றை வெளிப்புறத்தில் மூன்று கோடாக இழுத்தாள். நெற்றியில் வைத்துக்கொண்டாள். மீதியைக் கைநிறைய எடுத்து, கண்ணை மூடி, தண்ணீரில் விட்டாள். அன்றைக்கு வேண்டுதல் பெரியது, ஆகவே கையும் தாராளமாகவே அள்ளியது.

ஷாஹித் தொட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

"அக்கா, தண்ணிய மாத்திட்டு மூடி வச்சிரலாமா?"

"சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்லா. இதுல நீ வராத."

சொன்ன விதம் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அவன் மூடியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

ஒரு துளி அமிலம் கூடக் கணக்கில்லாமல் சேர்க்காதவள் தினேஸ்வரி. ஆனால் திருநீற்றை அவள் சேர்த்ததாகவே நினைக்கவில்லை. சாமி காரியம் சேர்மானத்தில் வருமா என்ன? சாம்பலில் சுண்ணாம்புச் சத்து உண்டு என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அவளைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். கேட்க ஆள் இல்லை. கேட்க வந்தவனை வாயை அடைத்து அனுப்பிவிட்டாள்.

பினாங்குக்காரர்கள் வந்தார்கள். ஷாஹித் ஊற்றினான். தண்ணீர் கோப்பி நிறத்துக்கு மாறியதும் அவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். பேச்சு விலைக்குத் தாவியபோது, அவர்களில் ஒருவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மற்றவரைக் கூப்பிட்டார். மேலே தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது. அடியில் பழுப்புச் சேறு.

 தினேஸ்வரி அவமானம் தாங்காமல் பக்கத்தில் நின்றவன் மேல் பாய்ந்தாள்.

"எந்தத் தண்ணிய ஊத்துன?"

"டிரம் தண்ணிதான்க்கா."

"டிரம் தண்ணின்னா ஏன் திரியுது? சோம்பேறித்தனத்துக்குக் குழாயத் தொறந்து ஊத்திட்டு எங்கிட்டயே கதை சொல்றியா?"

அவன் தொட்டியைப் பார்த்தான். அவள் நெற்றியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலக்கா" என்றான்.

வந்தவர்களிடம் அவள், என் ஆளின் கவனக்குறைவு, மன்னிக்க வேண்டும் என்று அவனை வைத்துக்கொண்டே சொன்னாள். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆத்திரத்தில் சேற்றை அப்போதே கழுவிக் கொட்டினாள். சோதித்திருந்தாலும் சுண்ணாம்பு என்றுதான் வந்திருக்கும். அதுவும் குழாய்த் தண்ணீரைத்தான் காட்டியிருக்கும். அவள் கோபத்துக்கு அவ்வளவு வசதியாக எல்லாம் அமைந்திருந்தன.

மறுநாள் முதல் டிரம்களுக்குப் பூட்டு வந்தது. சாவி அவள் இடுப்பில். ஷாஹித் தண்ணீர் வேண்டும்போதெல்லாம் வந்து கேட்டு நின்றான். ஒரு நாள் வேலை முடிந்ததும் கொட்டகைச் சாவியை மேசைமேல் வைத்து, "நான் வாரேன்க்கா" என்றான். போகாதே என்று அவள் சொல்லவில்லை. தொல்லை விட்டது என்றே நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள், இப்போது அதை மாற்றிச் சொல்லி என்ன பயன்?

அவன் போனபின் அவளே ஊற்றப் பழகினாள். சாதாரண நாட்களில் தட்டுத்தடுமாறி ஓரளவு சரியாகவே வந்தது. ஆனால் மெங்லெம்புவிலிருந்து ஒரு மேசை நாற்காலிக்காரர் பார்க்க வந்த அன்று, சாமி கும்பிட்டு ஆரம்பித்தும், மறுபடியும் திரிந்தது. அப்போது பழி தண்ணீர் விற்றவன் தலையில் விழுந்தது. நல்ல காரியம் என்றால் மட்டும் காலை வாருகிற சரக்காக இருக்கிறதே என்று யுகேந்திரனிடம் அழுதாள்.

பினாங்குக்காரர்கள், இன்னொரு முறை பார்க்கிறோம் என்று பெரிய மனதோடு சொன்னார்கள். அவர்கள் வரவேண்டிய அன்று காலை புதுத் தண்ணீரை நிரப்பினாள். சூடம் காட்டினாள். திருநீற்றை அள்ளித் தொட்டிக்கு மேலே கையை நீட்டினாள். கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

குற்றம் சாட்ட அங்கே வேறு யாரும் இல்லாததால்தான் கை நின்றதோ என்னவோ. பழைய சரக்கில் கொஞ்சத்தை இரண்டு கண்ணாடிக் குவளையில் எடுத்தாள். ஒன்றில் திருநீறு போட்டாள், மற்றதில் போடவில்லை. போட்டது தெளிந்து அடியில் சேறாயிற்று. அவள் குவளையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாமி மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தண்ணிய மாத்திட்டு மூடி வச்சிரலாமா என்று கேட்டானே, அது மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைய தொட்டி நன்றாக வந்தது. பினாங்குக்காரர்களுக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் வாங்க வேண்டுமென்றால் இதையே பெரிய தொட்டியில் செய்து காட்ட வேண்டும் என்றார்கள். பெரிய தொட்டி அவள் கைக்கு அடங்காது. ஷாஹித் வந்தால் கொட்டகை பிழைக்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். அவனைக் கூப்பிட அவளுக்கு இருந்த காரணங்களில் அது பாதிதான். மறு பாதியைச் சொல்லத்தான் லூமுட்டுக்கு வந்தாள்.

பாயின் கடை படகுத்துறைக்குப் போகும் வழியில் இருந்தது. பங்கோர் தீவுக்குப் போகும் கூட்டம் பையும் தொப்பியுமாக உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தது. ஷாஹித் தேநீர் கலக்கும் இடத்தில் நின்று தே தாரெக் ஆற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. ஓரமாக இருந்த மேசையைத் துடைத்துவிட்டு, "வாங்கக்கா, உக்காருங்க. பசியாறியாச்சா?" என்றான். அவன் கோபமாக இருந்திருந்தால் அவளுக்குப் பேச்சு சுலபமாக வந்திருக்கும்.

வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் பாதியில் உடைந்தது. "தம்பி, அன்னைக்கு நீ ஊத்துனது நல்ல தண்ணிதான். நான்தான்..."

"திருநீறு" என்றான் அவன்.

"தெரியுமா?"

"போடறப்பவே பாத்தேன்லா."

"அப்புறம் ஏன்டா சொல்லல? அவ்ளோ பேச்சு பேசுனேனே."

அவன் எதிரே உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எப்படிக்கா சொல்றது? உங்க சாமி சாம்பல்தான் கெடுத்துச்சுன்னு நான் சொன்னா, அது தண்ணியப் பத்தின பேச்சா இருக்குமா? என் வாயிலேருந்து வந்தா அது வேற மாதிரி ஆயிரும். வந்தவங்க வேற நிக்கிறாங்க." பிறகு, "நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு நான் சொல்லிருந்தா நம்பியிருப்பீங்களா?" என்று கேட்டான்.

நம்பியிருப்பேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அவனிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"மாட்டேன்" என்றாள். "சண்டைக்கு வந்திருப்பேன். உன்னைப் பத்தி நாலு பேருகிட்ட கேவலமா சொல்லியிருப்பேன்."

"அதான்க்கா."

குத்திக்காட்டுகிற தொனியே அதில் இல்லை. தன்னை இவன் இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தானே என்று அவளுக்குக் கூசியது. தெரிந்து வைத்துக்கொண்டு, அவள் பேரையும் அவள் சாமி பேரையும் காப்பாற்றிவிட்டு, தன் பேரைக் கெடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

பெரிய தொட்டியைப் பற்றிச் சொன்னாள். இந்த முறை கூலிக்கு இல்லை, பங்காளியாக வா என்றாள். அவன் கண்கள் ஒரு கணம் மின்னின. குழாயை எந்தப் பக்கம் வைப்பீர்கள், தண்ணீரைச் சுழற்றும் விசிறிக்கு எத்தனை இறக்கை என்று இரண்டு கேள்வி கேட்டான். வந்துவிடுவான் என்றே நினைத்தாள். பிறகு அவன் மேசைத் துணியை மடித்து மடித்துப் பிரித்தான்.

"சுசாலாக்கா, கஷ்டம்" என்றான். "ஊத்தறப்போ யோசிக்க நேரம் கெடையாது, உங்களுக்கே தெரியும். நிறுத்துங்கன்னா அந்த நிமிசமே வாயில வரணும். இனிமே உங்க பக்கத்துல நின்னா, சொல்லலாமா வேணாமான்னு ஒரு தடவை யோசிப்பேன். அதுக்குள்ள சரக்கு கெட்டு ரோசாக் ஆயிரும்."

"இனிமே நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்டா. சத்தியமா."

"நீங்க கேப்பீங்கக்கா. நான் சொல்வேனான்னுதான் எனக்குத் தெரியல."

 அவள் கெஞ்சிப் பார்த்தாள். குழாயை எப்படி வளைப்பது என்று போனில் சொல்லித் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றான். வர மட்டும் மாட்டேன் என்றான். அவனுடைய பணிவான குரலைக் கேட்கக் கேட்க, கதவு சாத்தப்பட்டுவிட்டது என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

கல்லாவிலிருந்து ஜைனுலாப்தீன் பாய் எழுந்து வந்தார். வெள்ளைத் தொப்பி, தோளில் துண்டு. மகனின் முன்னாள் முதலாளி என்று தெரிந்ததும் அவருக்குக் கால் நிற்கவில்லை. மீன் குழம்போடு ரொட்டி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. அங்க என்னதான் செஞ்சான்? நல்ல வேலைய விட்டுட்டு இங்க வந்து தே ஆத்திக்கிட்டு நிக்கிறான். கேட்டா வாயத் தொறக்க மாட்றான். ஏதோ தப்பு பண்ணிட்டுத்தான் வந்துருக்கான், எனக்குத் தெரியாதா?"

"அத்தா, விடுங்க" என்றான் ஷாஹித்.

தினேஸ்வரி எழுந்து நின்றாள். இதையாவது சரி செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வேலைக்கு அவன் வராவிட்டால் போகிறது. பெற்ற தகப்பன் முன்னால் அவன் தலை நிமிரட்டும்.

"தப்பு அவன் பண்ணல பாய். நான்தான் பண்ணேன்."

"பெரிய மனசும்மா உங்களுக்கு."

"இல்ல பாய், நெசமாவே. தொட்டித் தண்ணியில நான் திருநீறு போட்டுட்டேன். அதுல இருக்கற சுண்ணாம்பாலதான் சரக்கு கெட்டுப்போச்சு. தெரியாம பழிய இவன் மேல போட்டு, வந்தவங்க முன்னாடி அசிங்கப்படுத்திட்டேன்."

பாயின் முகம் மாறியது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு இருந்தது. அவசரமாகக் கையை அசைத்து அவளை நிறுத்தினார்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா, வேணாம். அது உங்க சாமி காரியம். எங்க கடையில உக்காந்து அதப் போய்க் கொறை சொல்லலாமா? திருநீறு எதைக் கெடுக்கும்? ஒண்ணையும் கெடுக்காது. இவன்தான் கவனமில்லாம எதையாச்சும் கொட்டிருப்பான். சின்னதுலேருந்தே அப்படித்தான்."

"பாய், நான் கெமிஸ்ட்ரி படிச்சவ. சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"படிச்சவங்க, அதான் இவ்ளோ தூரம் வந்து இவனுக்காகப் பேசறீங்க. யாரும்மா இப்படி வருவா?" அவருடைய கண் கலங்கியிருந்தது. மகனைப் பார்த்துத் திரும்பினார். "மொதலாளி அம்மா பழியத் தன் மேல போட்டுக்கிறாங்க. நீ மரம் மாதிரி நிக்கிற. மன்னிப்பு கேளுடா."

வேண்டாம் என்று தினேஸ்வரி கையை நீட்டினாள். ஷாஹித் அத்தாவைப் பார்த்தான், பக்கத்து மேசையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

"மன்னிச்சிருங்கக்கா."

அவன் அதைக் கேலியாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் கேலியாகச் சொல்லவில்லை.